கைப்பக்குவமும் மனப்பக்குவமும்

2024-ஆம் ஆண்டுவரை போர்ட் பிளேர் என்று வழங்கப்பட்ட ஸ்ரீ விஜயபுரத்தின் ஒரு பகுதி ஜங்லிகாட். அந்தமானுக்குச் சுற்றுலா செல்பவர்கள் அதன் பெயரை நினைவில் வைத்துக்கொள்வதில்லை. மீன்பிடிப் படகுகள் கரைசேரும் துறை அது. அந்தத் தீவுகளில் காலை ஐந்து மணிக்கெல்லாம் விடிந்துவிடுகிறது. மாலை ஐந்தரை மணிக்கு விளக்கேற்ற வேண்டியிருக்கிறது. தமிழர், தெலுங்கர், வங்காளியர், மலையாளிகள், சோட்டா நாக்பூரிலிருந்து வந்தவர்கள் எனப் பலரும் ஒரே தெருவில் வசிப்பதால், விளக்கேற்றும் வேளையில் வீட்டுக்கு வீடு வேறு வேறு தாளிப்பின் மணம் வரும்.

அங்கே அன்பர் ஒருவரின் இல்லத்தில் நடைபெற்ற சத்சங்கத்தில் கீதையின் மூன்றாம் அத்தியாயத்தைப் பற்றிப் பேசி முடித்தபின், கேள்விகள் இருந்தால் கேட்கலாம் என்றேன். பின்வரிசையில் அமர்ந்திருந்த ஓர் அம்மையார் எழுந்தார்.

"சாமி, நல்லபடியாகச் சமைக்க என்ன செய்ய வேண்டும்?"

சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"இருபத்திரண்டு வருடமாகச் சமைக்கிறேன். வெள்ளிக்கிழமை பொங்கல் வைத்துக் குருதேவருக்குப் படைக்கிறேன். அது நன்றாகத்தான் வருகிறது. மற்ற நாளில் வைக்கும் குழம்பை வீட்டில் யாரும் வாயில் வைப்பதில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எழுந்துவிடுகிறார்கள். இப்போதெல்லாம் அடுப்பைப் பார்த்தாலே எரிச்சலாக இருக்கிறது. இன்னொன்றும் இருக்கிறது, சாமி. என் வீட்டுக்காரர் கடலுக்குப் போகிறவர். எங்கள் வீடு மீன் சமைக்கிற வீடு. அதே அடுப்பில் வைத்ததைச் சாமிக்குப் படைக்கலாமா?"

இந்தக் கேள்விக்கு அன்று நான் சொன்ன பதில் எனக்கே நிறைவளிக்கவில்லை. பின்னர் சிந்தித்தவற்றையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

அவர் கடைசியாகக் கேட்டதை முதலில் எடுத்துக்கொள்வோம். சாந்தோக்ய உபநிஷதத்தின் ஏழாம் அத்தியாய இறுதியில், ஆகாரம் தூய்மையானால் உள்ளம் தூய்மையாகும் என்ற கருத்து வருகிறது. அங்கே 'ஆகாரம்' என்ற சொல்லுக்கு ஆசாரியர்கள் இருவிதமாகப் பொருள் கொண்டனர். புலன்கள் வழியாக உள்ளே கொண்டுவரப்படுவது எல்லாமே ஆகாரம் என்பது ஸ்ரீசங்கரரின் விளக்கம். கண் காண்பதும் காது கேட்பதும் அதில் அடங்கும். ஸ்ரீராமானுஜரோ அச்சொல்லை உண்ணும் உணவு என்றே கொண்டு, உணவுக்கு நேரும் மூன்று குற்றங்களை எடுத்துரைத்தார். பொருளின் இயல்பால் வருவது ஜாதி தோஷம். தூசி, மயிர் போன்றவை விழுவதால் வருவது நிமித்த தோஷம். யாரிடமிருந்து வருகிறதோ அவரது தன்மையால் வருவது ஆச்ரய தோஷம். சுவாமி விவேகானந்தர் பக்தியோகத்தில் இவ்விரு விளக்கங்களையும் எடுத்துக்காட்டி, இரண்டுமே சாதகனுக்குத் தேவை என்கிறார்.

அதே சுவாமிஜி 1897-இல் மானாமதுரையில் பேசியபோது, நமது சமயம் சமையலறைக்குள் புகுந்துகொண்டதையும், கடவுள் சோற்றுப் பானைக்குள் அடங்கிப்போனதையும், 'என்னைத் தொடாதே' என்பதே ஆன்மிகமாகிவிட்டதையும் கடுமையாகச் சாடினார். இதை மட்டும் படிப்பவர்கள் அவருக்குச் சமையலறையே பிடிக்காது போலும் என்று எண்ணக்கூடும். உண்மையில் தம் கையால் சமைத்துப் பிறருக்குப் பரிமாறுவதில் அவரைப்போல் மகிழ்ந்தவர் அரிது. 1895-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் ஆயிரம் தீவுப் பூங்காவில் சீடர்களுக்கு வேதாந்தம் போதித்த நாட்களில், அவர்களுக்குச் சமைத்தும் போட்டார். அவர் சாடியது அடுப்பை அன்று. அடுப்பைச் சுற்றி எழுப்பப்பட்டிருந்த வேலியையே சாடினார்.

மீன் வாடை வீசும் வீட்டில் நிவேதனம் செய்யலாமா என்று தயங்கும் அன்பர்கள் ஒன்றை அறிய வேண்டும். குருதேவர் மீன் உண்டவர். பேலூர் மடத்தில் வங்க நாட்டு வழக்கப்படி அவருக்கு மீனும் நிவேதனமாகப் படைக்கப்படுகிறது. தமிழகத்து அன்பர்கள் பலருக்கு இது வியப்பாக இருக்கும். சைவ உணவையே கைக்கொண்டவர்கள் அதைக் கைவிட வேண்டும் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த அம்மையாரின் அடுப்பில் ஜாதி தோஷத்தைத் தேடுவது வீண் வேலை என்பதற்காகவே சொன்னேன். அங்கு தோஷம் இருக்குமானால் அது மூன்றாவது வகையைச் சேர்ந்தது. எரிச்சலோடு வைத்த குழம்பில் எரிச்சலும் கலந்திருக்கும். ஆச்ரயம் என்பதைப் பிறப்பால் வரும் உயர்வு தாழ்வாகக் கொள்ளாமல், சமைக்கும்போதும் பரிமாறும்போதும் இருக்கும் மனநிலையாகக் கொள்வதே நேரிது. அன்னை ஸ்ரீ சாரதாதேவியின் இல்லத்தில் அம்ஜத் என்ற முஸ்லிம் அன்பர் உணவருந்த அமர்ந்தபோது, அன்னையின் தம்பி மகள் எட்ட நின்று அவரது இலையில் உணவை எறிந்தாள். அன்னை அதைக் கண்டித்துவிட்டுத் தாமே பரிமாறினார். அவர் உண்ட இடத்தையும் தம் கையாலேயே தூய்மை செய்தார். பானையில் இருந்த சோறு ஒன்றுதான். கைகள்தாம் வேறு.

சமையலைப் பற்றி அன்னையைவிட அதிகமாக நமக்குக் கற்பிக்கக்கூடியவர் யார்? 1864-இல் வங்கத்தில் பஞ்சம் வந்தது. அன்னையின் தந்தை ராமசந்திர முகோபாத்யாயர் தம் களஞ்சியத்து நெல்லைக் கொண்டு ஜயராம்பாடியில் பசித்தவர்களுக்குக் கிச்சடி சமைத்து வழங்கினார். அடுப்பிலிருந்து இறக்கிய உணவு ஆறும்வரை காத்திருக்க அவர்களால் முடியவில்லை. சிறுமி சாரதா இலைகளின் அருகே நின்று, இரு கைகளாலும் விசிறி அதை ஆற்றினாள். அப்போது அன்னைக்குப் பத்துப் பதினொரு வயதுதான் இருக்கும். உணவு கொதிக்கிறது, உண்பவரின் வயிறும் கொதிக்கிறது. இரண்டையும் ஒருங்கே பார்த்த கண்கள் அவை. கரண்டி பிடிக்கும் முன்பே விசிறி பிடித்தவர் நம் அன்னை.

பின்னர் தக்ஷிணேசுவரத்தில் நகபத் என்னும் சிறு கட்டடத்தின் கீழறை அவரது இருப்பிடமாயிற்று. ஏறக்குறைய 50 சதுர அடியே கொண்ட அந்த அறைதான் படுக்கையறை, பூஜையறை, பண்டக அறை எல்லாம். குருதேவருக்குச் சாறு வைப்பதற்கான மீன்கள்கூட நீர் நிரம்பிய பாத்திரத்தில் உயிரோடு அங்கேயே இருந்தன. இரவெல்லாம் அவை நீரில் துள்ளும் ஓசைக்கு நடுவே அன்னை உறங்கினார், ஜபம் செய்தார், விடியுமுன் எழுந்தார். மீன் வாடை தவத்திற்குத் தடை என்று இனி யார் கூறுவது?

அந்நாட்களில் நடந்த ஒரு நிகழ்ச்சி. நரேந்திரன் வந்திருந்தான். அவனுக்கு நல்ல உணவாகச் சமைக்குமாறு குருதேவர் கூறினார். அன்னை பாசிப்பருப்பும் ரொட்டியும் செய்தார். உண்டு முடித்த நரேந்திரனிடம் எப்படி இருந்தது என்று குருதேவர் வினவ, நன்றாகத்தான் இருந்தது, ஆனால் நோயாளியின் பத்தியம் போல இருந்தது என்றான் அவன். குருதேவர் உடனே அன்னையிடம், அவனுக்குக் கெட்டியான கடலைப்பருப்பும் தடித்த ரொட்டியும் செய்து கொடுக்கச் சொன்னார். அடுத்த முறை அவ்வாறே செய்யப்பட்டது. அவனும் மகிழ்ந்து உண்டான்.

இதில் அன்னையின் சமையல் குறைபட்டது என்று யாரும் சொல்ல முடியாது. பாசிப்பருப்பு பதமாகவே வெந்திருக்கும். மென்மையான வயிறு கொண்ட குருதேவருக்குப் பழகிய கை அது. முன்னே அமர்ந்திருந்தவனோ கட்டுடல் கொண்ட இளைஞன், பெரும்பசிக்காரன். உண்பவர் மாறியபோது 'நன்றாக' என்பதன் பொருளும் மாறிவிட்டது. அன்னை முகம் சுளிக்கவில்லை. இவ்வளவு சிரமப்பட்டுச் செய்தேனே என்று அடுப்படியில் முணுமுணுக்கவும் இல்லை. அது குறைகூறல் அன்று, ஒரு செய்தி என்பதை அவர் அறிந்திருந்தார்.

குருதேவர் அடிக்கடி கூறும் தாயின் உவமை நம் அன்பர்கள் அறிந்ததே. வீட்டுக்கு மீன் வருகிறது. தாய் ஒரு பிள்ளைக்கு அதைப் புலவாகச் செய்கிறாள், இன்னொருவனுக்குப் புளிசேர்த்துச் செய்கிறாள், வறுத்தும் கொடுக்கிறாள். வயிறு ஒத்துக்கொள்ளாத பிள்ளைக்கு மட்டும் வெறும் சாறாக வைக்கிறாள். ஒரே பரம்பொருளை அடையப் பல நெறிகள் ஏன் இருக்கின்றன என்பதை விளக்க அவர் இதைச் சொன்னார். தத்துவ வகுப்பில் இவ்வுவமையைச் சமய சமரசத்தின் சான்றாக எத்தனையோ முறை படித்திருக்கிறேன், மொழிபெயர்த்தும் இருக்கிறேன். ஜங்லிகாட்டில் அந்த அம்மையாரின் கேள்விக்குப் பின்னர்தான் அது சமையலைப் பற்றியும் உண்மை பேசுகிறது என்று உறைத்தது. அந்தத் தாய் நான்கு விதச் சமையல் கற்றவள் என்பது உவமையில் முக்கியமன்று. நான்கு வயிறுகளையும் அறிந்தவள் என்பதே முக்கியம்.

மொழிபெயர்ப்பாளனுக்குச் சொற்கள்மீது ஒரு பித்து உண்டு. வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். நன்கு சமைப்பவரைப் பற்றிச் சொல்லும்போது 'கைப்பக்குவம்' என்கிறோம். முதிர்ந்த சாதகனை 'பக்குவப்பட்டவர்' என்கிறோம். மலபரிபாகம் அடைந்த ஆன்மாவைப் 'பக்குவ ஆன்மா' என்று சைவ சித்தாந்தம் குறிக்கிறது. வெந்தது, கனிந்தது என்னும் பொருள் தரும் 'பக்வ' என்ற வடசொல்லிலிருந்து வந்தது அது. 'சமைதல்' என்ற தமிழ்ச் சொல்லும் தகுந்த நிலையை எய்துதல் என்ற பொருள் உடையது. ஆக, அடுப்படியிலும் ஆலயத்திலும் நம் முன்னோர் ஒரே சொல்லைப் புழங்கினர். பானையில் இருப்பது வேகும்போது, பானையின் அருகே நிற்பவரும் வேக வேண்டும் போலும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. அன்பிருந்தால் போதும், ருசி தானே வரும் என்று சொல்லும் வழக்கம் நம்மிடையே பெருகிவருகிறது. இது சோம்பலுக்குப் பக்தி என்று பெயரிடுவது. குருதேவரின் நேரடிச் சீடரான யோகின், பின்னாளில் சுவாமி யோகானந்தர், ஒருமுறை கடைக்காரன் இறைவனுக்கு அஞ்சுபவன் என்று நம்பி, இரும்புக் கடாய் ஒன்றைப் பரிசோதிக்காமல் வாங்கிவந்தார். வீட்டில் பார்த்தால் அதில் விரிசல். பக்தனாக இருக்க வேண்டும் என்பதற்காக அறிவிலியாகவும் இருக்க வேண்டுமா என்று குருதேவர் கடிந்துகொண்டார். செயலில் திறமையே யோகம் என்று கீதை இரண்டாம் அத்தியாயத்தில் சொல்வது விரிசல் விட்ட கடாய்க்கும் பொருந்தும்.

நான் பிரம்மசாரியாக இருந்தபோது ஓர் ஆசிரமத்தில் சமையலறைப் பணி தரப்பட்டது. தத்துவத்தில் முதுகலைப் பட்டம் பெற்றவனுக்குப் பால் கிளறும் வேலையா என்ற எண்ணம் உள்ளே இருந்தது, வெளியே காட்டவில்லை. ஒரு விழா நாளில் பாயசத்தை என் பொறுப்பில் விட்டிருந்தார்கள். கை கிளறிக்கொண்டிருந்தது; மனம் பிரம்மசூத்திர பாஷ்யத்தில் ஒரு பூர்வபக்ஷத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. அடிபிடித்த வாசனை எனக்குத்தான் கடைசியாகத் தெரிந்தது. சமையலறைக்குப் பொறுப்பான முதிய துறவி ஒரு சொல்லும் சொல்லாமல் வேறு பால் காய்ச்சிப் புதிதாகப் பாயசம் வைத்து, நேரத்துக்கு நிவேதனம் செய்தார். பந்தி முடிந்தபின் இரண்டு கிண்ணங்களில் அந்த அடிபிடித்த பாயசத்தை ஊற்றி, ஒன்றை எனக்குக் கொடுத்து, மற்றொன்றை என் முன்னே அமர்ந்து தாம் குடித்தார். இன்றும் பாஷ்யத்தின் அந்தப் பகுதிக்கு வரும்போது என் நாவில் அந்தக் கசப்பு வருகிறது.

அவரிடம்தான் நிவேதனச் சமையலின் கடினத்தை அறிந்தேன். படைப்பதற்கு முன் ருசி பார்க்கக் கூடாது. நாவின் உதவி இல்லாதபோது மற்றப் புலன்கள் விழித்தெழ வேண்டும். ரசம் நுரைகூடி மேலெழும் கணத்தில் இறக்க வேண்டும். கொதிக்கவிட்டால் மணம் போய்விடும். கடுகு வெடித்து ஓய்ந்ததைக் காது சொல்ல வேண்டும். புளியின் பச்சை வாடை போனதா என்பதை மூக்கு அறிய வேண்டும். உப்புக்கு என்றும் மாறாத ஒரே கரண்டி. நேற்று அதிகமானதா என்பதைப் பந்தியில் உண்பவர்களின் கை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்து அறிந்து, இன்று திருத்த வேண்டும். அந்த முதியவர் ஒவ்வொரு நாளும் பந்தியின் ஓரத்தில் நின்று இலைகளையே பார்த்துக்கொண்டிருப்பார். எது மிஞ்சுகிறது என்று கவனித்து மறுநாள் அளவை மாற்றுவார். புலன்களை ஒன்றுகூட்டி மனத்தை ஒரு பொருளில் நிறுத்துவதைத் தாரணை என்று யோக சாஸ்திரம் கூறுகிறது. நான் அதைத் தியான அறையில் தேடிக்கொண்டிருந்தேன்.

பிற நாட்டு ஞானியரும் இவ்வாறே கற்றனர். 1223-இல் ஜப்பானிலிருந்து தர்மத்தைத் தேடிச் சீனம் சென்ற டோகன் என்ற இளந்துறவி, துறைமுகத்தில் கப்பலிலேயே தங்கியிருந்தார். அறுபத்தொரு வயதான ஒரு துறவி, தம் மடாலயச் சமையலுக்குக் காளான் வாங்க நெடுந்தொலைவு நடந்து அக்கப்பலுக்கு வந்தார். இரவு தங்கிச் செல்லும்படி டோகன் வேண்டினார். நாளைய உணவு என் பொறுப்பு என்று மறுத்துவிட்டார் முதியவர். இந்த வயதில் தியானமும் நூல் ஆராய்ச்சியும் செய்யாமல் சமையல் வேலை எதற்கு என்று டோகன் கேட்டபோது, அவர் உரக்கச் சிரித்து, சாதனை என்றால் என்னவென்று உமக்கு இன்னும் தெரியவில்லை என்றார். டோகன் அதை மறக்கவில்லை. 1237-இல் மடாலயச் சமையற்காரருக்கென்றே ஒரு தனி நூல் எழுதினார்.

கப்பலுக்குச் சென்று சமையல் பொருள் வாங்குவது அந்தமான் மக்களுக்குப் புதிதன்று. அரிசி, பருப்பு, வெங்காயம், உருளைக்கிழங்கு எனப் பெரும்பகுதி சென்னையிலிருந்தும் கொல்கத்தாவிலிருந்தும் கப்பலில்தான் வருகிறது. கடல் சீறினால் விலை ஏறும், பொருள் அருகும். ஆகவே வீணாக்காமை அங்கே அறம் மட்டுமன்று, கட்டாயமும்கூட. திருவண்ணாமலையில் பகவான் ஸ்ரீரமணர் பல ஆண்டுகள் விடியற்காலையில் ஆசிரமச் சமையலறையில் காய் நறுக்கினார், அரைத்தார், சமைக்கக் கற்பித்தார். கீழே சிந்திய தானியத்தைப் பொறுக்கி எடுத்தார். எல்லோருக்கும் பரிமாறப்படாத ஒன்று தமக்குத் தனியாக வருவதை அவர் ஏற்றதில்லை. ஆத்ம விசாரத்தைப் போதித்தவர் உதிர்ந்த ஒரு மணியைக் குனிந்து எடுத்தார் என்றால், அந்த மணியிலும் அவர் எதைக் கண்டார் என்று நாம் யோசிக்க வேண்டும்.

இனி அந்த அம்மையாரின் நெஞ்சிலிருந்த முள்ளுக்கு வருவோம். வெள்ளிக்கிழமைப் பொங்கல் நன்றாக வருகிறது; மற்ற நாள் குழம்பு வரவில்லை. ஏன்? குருதேவர் தட்டைத் தள்ளமாட்டார். அவர்முன் வைப்பது அச்சமற்ற அன்பு. வீட்டார்முன் வைப்பது தேர்வுத்தாள் ஆகிவிட்டது. ஆனால் கீதையின் பதினைந்தாம் அத்தியாயத்தில் பகவான், வைசுவாநரன் என்னும் அக்கினியாக உயிர்களின் உடலில் அமர்ந்து, நான்கு வகை உணவையும் செரிக்கச் செய்பவன் தானே என்கிறார். அப்படியானால் பூஜையறையில் அமர்ந்து ஏற்பவரும், இரவெல்லாம் வலை இழுத்துவிட்டு வந்து தட்டின்முன் அமர்பவரின் வயிற்றில் எரிபவரும் ஒருவரே. படத்தின்முன் வைப்பது மட்டும் நிவேதனம், தட்டில் வைப்பது வீட்டுவேலை என்ற பிரிவினை சாஸ்திரத்தில் இல்லை.

இதைச் சொன்னவுடன் பெண்கள் பொறுத்துப்போக வேண்டும் என்று துறவி உபதேசிக்கிறார் எனக் கருத வேண்டாம். தட்டைத் தள்ளுபவர்களிடமும் எனக்குச் சொல்ல ஒன்று உண்டு. நிவேதனத்தை ஏற்கும் இடத்தில் அமர்பவருக்கும் ஒரு தர்மம் இருக்கிறது. அன்னத்தை நிந்திக்கலாகாது என்பது தைத்திரீய உபநிஷதம் விதிக்கும் விரதம். குறையைச் சொல்லலாம், நரேந்திரனும் சொன்னான். ஆனால் கேட்டபோது சொன்னான், உண்டு முடித்தபின் சொன்னான். மேலும், சமையல் பெண்களுக்கே விதிக்கப்பட்டது என்பவர்கள் நம் மடங்களின் சமையலறைக்கு ஒருமுறை வந்து பார்க்கட்டும். 1902 ஜூலை 2, ஏகாதசி நாள். சுவாமிஜி உபவாசம் இருந்தார். தம்மைக் காண வந்த நிவேதிதைக்குச் சோறும், வேகவைத்த பலாக்கொட்டையும் உருளைக்கிழங்கும், குளிர்ந்த பாலும் தாமே பரிமாறினார். உண்டபின் அவளது கைகளில் நீர் வார்த்து, துண்டால் துடைத்தும் விட்டார். இரண்டு நாளில் மகாசமாதி அடையவிருந்த ஜகத்குரு அவர்.

உண்பவரைப் பாராமல் இடப்படும் உணவு எவ்வளவு தூரம் இழியக்கூடும் என்பதற்கும் அந்த ஊரிலேயே சான்று உண்டு. 1906-இல் கட்டி முடிக்கப்பட்ட செல்லுலார் சிறை ஜங்லிகாட்டிலிருந்து அதிகத் தொலைவில் இல்லை. மனிதர் உண்ணத்தக்க உணவு வேண்டும் என்பது அங்கிருந்த அரசியல் கைதிகளின் கோரிக்கைகளுள் ஒன்று. 1933-இல் நடந்த உண்ணாவிரதத்தில் வலுக்கட்டாயமாகப் பால் புகட்டப்பட்டதால் மகாவீர் சிங், மோகன் கிஷோர் நாமதாஸ், மோகித் மைத்ரா ஆகிய மூவர் உயிர் நீத்தனர். பாலும் நஞ்சாகியது அங்கே.

சத்சங்கம் முடிந்து ஆரதியும் ஆனபின், அந்த அம்மையார் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். மீன் குழம்பு எப்படி வைப்பீர்கள் அம்மா என்று கேட்டேன். துறவி இதைக் கேட்கிறாரே என்று முதலில் நாணினார். பிறகு உற்சாகமாகச் சொன்னார். புளிக்கரைசல் கொதித்துப் பச்சை வாடை போனபிறகே மீனைப் போட வேண்டும். போட்டபின் கரண்டி படக் கூடாது, மீன் உடைந்துபோகும். சட்டியின் காதுகளைப் பிடித்து மெல்லச் சுழற்ற வேண்டும். எப்போது கிளற வேண்டும், எப்போது கையை எடுத்துவிட வேண்டும் என்பதை இவ்வளவு அறிந்தவருக்கு நான் என்ன கற்பிப்பது?

"உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி இருந்தால் பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டேன்.

"காரசாரமாக இருந்தால்தான்..." என்று தொடங்கியவர் நிறுத்தினார். சற்று நேரம் பேசவில்லை. "ஒரு வருடமாகக் காரத்தைக் குறை, குறை என்கிறார், சாமி. வயிற்றில் எரிகிறது என்கிறார். என் சமையலைக் குறை சொல்கிறார் என்றே எடுத்துக்கொண்டேன்."

படகு எத்தனை மணிக்குத் திரும்பும் என்று வினவினேன். விடியுமுன் நாலு மணிக்கு வந்துவிடும், வந்ததும் பசிக்கும் என்று சொல்லிவிட்டு, பிரசாதப் பொட்டலத்தைப் புடவைத் தலைப்பில் முடிந்துகொண்டு வேகமாக இறங்கி நடந்தார்.